பிரிட்டனில் ஓர் உணவகத்துக்காகவே பயணம் போகலாமா?

செப்டம்பரில் நீங்களும் மனைவியும் ரெடிங் நகரில் இருக்கும் மகன் வீட்டுக்கு மூன்று வாரம் வருகிறீர்கள். லண்டனுக்கு வெளியே, சாப்பிடுவதற்காகவே போய்வரத் தகுந்த பிரிட்டிஷ் உணவகம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மீனும் கறியும் சாப்பிடுவீர்கள், மாட்டிறைச்சி மட்டும் கிடையாது. மனைவி சைவம், கேக்கில் முட்டை இருந்தால் பொறுத்துக்கொள்வார். "மிகச் சிறந்தது எது" என்று கேட்டிருந்தாலும் உங்கள் உண்மையான கவலை வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு நாளையும் பெருந்தொகையையும் செலவழித்துப் போன பிறகு, அவித்த உருளைக்கிழங்கும் சப்பென்ற மீனும்தான் தட்டில் வருமா, மனைவி ரொட்டியையும் இலைதழையையும் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேருமா என்பதே அது. கேட்டரிங் படித்துவிட்டு வந்து இந்நாட்டுச் சமையலறைகளிலும், பிறகு மேசைப் பொறுப்பிலும் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரிட்டிஷ் சாப்பாட்டுக்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் 1940இல் தொடங்கிய உணவுப் பங்கீடு, போர் முடிந்தும் நீடித்து 1954 ஜூலையில்தான் முழுதாக விலகியது. அந்தக் காலத்தில் பால் பெரும்பாலும் ஒரே மாதிரியான அரசாங்கப் பாலாடைக்கட்டி செய்யப் போயிற்று. ஊருக்கு ஒரு விதமாகப் பாலாடைக்கட்டி செய்துவந்த பண்ணைவீடுகள் பல அந்தத் தொழிலையே விட்டுவிட்டன. ஒரு தலைமுறை முழுக்க வெண்ணெயையும் இறைச்சியையும் கூப்பனில் அளந்து வாங்கி வளர்ந்தது. சுவையைக் கேட்டு வாங்கும் பழக்கமே அற்றுப்போயிருந்த நேரத்தில், 1951இல் ரேமண்ட் போஸ்ட்கேட் என்பவர் சாதாரண வாடிக்கையாளர்கள் எழுதியனுப்பும் அறிக்கைகளைத் தொகுத்து 'குட் ஃபுட் கைடு' என்ற வழிகாட்டியை வெளியிட்டார். ஓட்டலில் மோசமான சாப்பாட்டைப் போட்டால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வரவேண்டியதில்லை என்ற எண்ணம் அதிலிருந்துதான் பரவியது. 1967இல் பிரெஞ்சுச் சமையல்காரர்களான ரூ சகோதரர்கள் லண்டனில் லெ கவ்ரோஷ் என்ற உணவகத்தைத் திறந்தார்கள். 1975இல் ரிக் ஸ்டைன் கார்ன்வாலின் பேட்ஸ்டோ துறைமுகத்தில் மீன் உணவகம் தொடங்கினார். 1994இல் ஃபெர்கஸ் ஹெண்டர்சன், டிரெவர் கல்லிவர் என்ற இருவர் லண்டன் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் செயின்ட் ஜான் உணவகத்தைத் திறந்து, விலங்கின் தலை முதல் வால் வரை எதையும் வீணாக்காத பழைய ஆங்கிலச் சமையலைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் பரிமாறினார்கள். ஆகவே உங்களை எச்சரித்த நண்பர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது பழைய காலம்.

அடுத்து நட்சத்திரங்கள். மிஷெலின் டயர் கம்பெனி 1900இல் கார் ஓட்டுவோருக்காக வெளியிட்ட கையேடுதான் பிற்காலத்தில் உணவக வழிகாட்டியானது. ஒரு நட்சத்திரம் என்றால் போகிற வழியில் நின்று சாப்பிடலாம். இரண்டு என்றால் வழியை விட்டு விலகியும் போகலாம். மூன்று என்றால் அதற்காகவே புறப்பட்டுப் போகலாம். உங்கள் கேள்விக்கே எழுதி வைத்த விடை மாதிரித் தெரியும். ஆனால் அந்தச் சோதனையாளர்கள் மதிப்பிடுவது தட்டில் இருப்பதை. பொருளின் தரம், பக்குவம், சுவை, ஒவ்வொரு முறையும் அது பிசகாமல் வருகிறதா என்பவைதான் கணக்கு. அந்தத் தட்டு அந்த ஊரில்தான் பிறக்க முடியுமா என்று அவர்கள் பார்ப்பதில்லை. பயணம் போகிறவர் பார்க்க வேண்டியது முதலில் அதைத்தான். ஓர் உணவகத்தை அப்படியே பெயர்த்து லண்டனிலோ துபாயிலோ வைத்தாலும் சாப்பாடு மாறாது என்றால், அதற்காக ரயில் ஏற வேண்டியதில்லை.

இந்த அளவுகோலை உங்கள் மகன் வீட்டுக்கு மிக அருகில் இருப்பவற்றில் முதலில் வைத்துப் பார்ப்போம். ரெடிங்கிலிருந்து லண்டன் போகும் வழியில் மெய்டன்ஹெட் நிலையம் வரும். அங்கிருந்து டாக்சியில் சிறிது தூரத்தில் தேம்ஸ் கரையில் பிரே என்ற சின்னஞ்சிறு ஊர். 1985இல் மூன்று நட்சத்திரம் பெற்ற வாட்டர்சைடு இன், 2004இல் பெற்ற ஃபேட் டக் இரண்டுமே அங்கேதான். முதலாவது ரூ குடும்பத்தின் மரபான பிரெஞ்சுச் சமையல். பரிமாறும் முறையிலும் சாஸின் நுட்பத்திலும் அதை மிஞ்சுவது கடினம். ஆற்றைப் பார்த்தபடி சாப்பிடும் அழகும் உண்டு. ஆனால் தட்டில் இருப்பது பிரான்ஸ். இரண்டாவது ஹெஸ்டன் புளூமெந்தாலின் இடம். சங்குக்குள் வைத்த ஒலிப்பெட்டியிலிருந்து அலையோசையைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே கடலுணவு சாப்பிடும் அந்தப் பெயர்பெற்ற பதார்த்தம் அங்கே பிறந்ததுதான். ருசிக்கும் நினைவுக்கும் காதுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து செய்த மேதைமையான வேலை அது. அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் அது அவர் மூளையில் விளைந்தது, தேம்ஸ் கரையில் விளைந்ததல்ல. உங்களுக்கு அது பக்கத்து ஊர். மனமும் பணமும் இருந்தால் போய்வாருங்கள், பயணக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

உங்களுக்காக, அதாவது மீன் சாப்பிடுகிறவருக்காக, நான் முதலில் சொல்வது தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் கடலோரத்தில் சீசால்டர் என்ற இடத்தில் இருக்கும் தி ஸ்போர்ட்ஸ்மேன். வெளியிலிருந்து பார்த்தால் காற்றில் வெளுத்துப்போன ஒரு கிராமத்து பப். பின்னால் கடல் தடுப்புக் கரை, சுற்றிலும் உப்புச் சதுப்பு நிலம். ஸ்டீபன் ஹாரிஸ் எந்தச் சமையல் பள்ளிக்கும் போகாமல் தானே கற்றுக்கொண்டு 1999இல் இதை எடுத்து நடத்தத் தொடங்கினார். 2008இல் நட்சத்திரம் கிடைத்தது. இந்த இடத்தின் கதை அதற்குத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது. 1086இல் இங்கிலாந்து முழுவதையும் கணக்கெடுத்த டூம்ஸ்டே பதிவேட்டில், சீசால்டர் கான்டர்பரி துறவிகளின் சமையலறைக்கு உரிய நிலமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. சிப்பி, மீன், உப்பு, ஆட்டுக்கறி எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்த மண் அது. ஹாரிஸ் செய்தது, அந்தப் பழைய அடுக்களைக் கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்ததுதான். அந்தக் கரைக்கு அப்பால் இருக்கும் கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுக்கிறார்கள். பாலேட்டைப் புளிக்கவைத்து வெண்ணெய் கடைகிறார்கள். அந்த வெண்ணெயில் கடல்பாசியைக் கலந்து, சின்ன நாக்குமீனை முழுதாக அதில் சுட்டுத் தருவது அவர்களுடைய அடையாளமாகிவிட்ட பதார்த்தம். மசாலா எதுவும் கிடையாது. மீன், வெண்ணெய், பாசி, உப்பு. அந்த உப்புச் சதுப்பில் மேய்ந்த ஆட்டின் கறியும் அப்படித்தான்; அதன் மணத்தை மறைக்கும்படி எதையும் சேர்ப்பதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் நாக்கு காரத்தையும் புளியையும் வைத்துச் சாப்பாட்டை எடைபோடப் பழகியது. அந்த எதிர்பார்ப்போடு போனால் ஆங்கிலச் சமையல் எல்லாமே குறையாகத்தான் தெரியும். கொழுப்பு எப்படி உருகுகிறது, புகை எவ்வளவு ஏறியிருக்கிறது, ஊறவைத்த காயின் புளிப்பு அந்தக் கொழுப்பை எங்கே வெட்டுகிறது என்று கவனித்துச் சாப்பிடுங்கள். காரமே இல்லை என்பதும் சரியில்லை. ஆங்கிலக் கடுகு விழுதும், ஹார்ஸ்ராடிஷ் என்ற கிழங்கைத் துருவிச் செய்யும் சாஸும் மூக்கில் ஏறும். அளவு தெரியாமல் எடுத்தால் கண்ணில் நீர் வந்துவிடும்.

சீசால்டருக்கு விட்ஸ்டபிள் ரயில் நிலையத்திலிருந்து டாக்சி எடுக்கலாம். கால் இடம் கொடுத்தால் கடலோரப் பாதையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நடந்தே போகலாம். பசியும் நன்றாக எடுக்கும். விட்ஸ்டபிள் சிப்பிக்குப் பேர்போன ஊர். நீங்கள் செப்டம்பரில் வருவது இதில் ஓர் அதிர்ஷ்டம்: உள்நாட்டு வகைச் சிப்பி மே முதல் ஆகஸ்ட் வரை இனப்பெருக்கக் காலம் என்பதால் பிடிக்கப்படுவதில்லை, செப்டம்பரில்தான் மீண்டும் வரத் தொடங்கும். கடையில் கேட்கும்போது உள்நாட்டு வகையா, பசிபிக் வகையா என்று கேட்டு வாங்குங்கள். ஆண்டு முழுதும் கிடைப்பது பசிபிக். தட்டையான ஓட்டில் வருவது உள்நாட்டு வகை, அதன் சுவை அழுத்தமாக, உலோக வாடையோடு இருக்கும். பச்சையாகத் தின்று பழக்கமில்லாதவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வயிற்றில் கோளாறு இருப்பவர் அதையும் தவிர்க்கலாம்.

இனி உங்கள் மனைவியின் பக்கம் வருகிறேன். ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால் நான் கென்ட்டைச் சொல்ல மாட்டேன், வடமேற்கு இங்கிலாந்தின் கும்ப்ரியாவில் இருக்கும் கார்ட்மெல் கிராமத்தைச் சொல்வேன். அங்கே சைமன் ரோகன் 2002இல் ஒரு பழைய கொல்லன் பட்டறையில் லாங்க்ளூம் உணவகத்தைத் தொடங்கினார். 2022இல் மூன்று நட்சத்திரம் கிடைத்தது. வட இங்கிலாந்தில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் உணவகம் அதுதான். (அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த மார்க் பர்ச்சால் 2017இல் லங்காஷயரில் தொடங்கிய மூர் ஹால், 2025இல் மூன்றாம் நட்சத்திரத்தைப் பெற்றது. ஒரு சமையலறையின் வளர்ப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சான்று.) ரோகனின் சமையல், அந்தப் பள்ளத்தாக்கில் அவர்களே நடத்தும் பண்ணையிலிருந்து தொடங்குகிறது. காய், கீரை, பூ, வேர் ஆகியவற்றுக்கு அங்கே கிடைக்கும் கவனம் மற்ற இடங்களில் இறைச்சிக்குக் கூடக் கிடைப்பதில்லை. வழக்கமான பெரிய உணவகத்தில் சைவத் தட்டு என்பது கறியை எடுத்துவிட்டு மிச்சத்தை வைப்பது. காய்கறியிலிருந்தே சிந்தனை தொடங்கும் சமையலறையில் அந்தக் குறை இருக்காது. அதோடு செப்டம்பரில் தோட்டம் நிறைந்திருக்கும்: பீன்ஸ், பீட்ரூட், பூசணி, ஆப்பிள், காட்டுக் காளான். கார்ட்மெல்லுக்குப் பக்கத்து லித் பள்ளத்தாக்கின் டாம்சன் என்னும் புளிப்புப் பிளம் பழுப்பதும் அந்த மாதத்தில்தான்.

வழி கொஞ்சம் நீளம். லண்டன் யூஸ்டனிலிருந்து லங்காஸ்டர் வரை விரைவு ரயில். அங்கே மாறிக் கிரேஞ்ச்-ஓவர்-சாண்ட்ஸ். ஆர்ன்சைடு தாண்டியதும் ரயில் கென்ட் என்ற ஆற்றின் (முன்பு சொன்ன கென்ட் வேறு) கழிமுகத்துக்கு மேல் பாலத்தில் போகும். இருபுறமும் மணலும் நீரும். கடலைப் பார்க்க இடப்பக்கம் உட்காருங்கள். நிலையத்திலிருந்து டாக்சி. இதை ஒரே நாளில் போய்வர முயலாதீர்கள், ஓர் இரவாவது தங்குங்கள். ஊரே ஒரு சதுக்கம், பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிறுவிய ஒரு தேவாலயம், சில சந்துகள், அவ்வளவுதான். ஸ்டிக்கி டாஃபி புடிங் என்னும் பேரீச்சம்பழ இனிப்புக்குப் பெயர்பெற்ற கடையும் அங்கே உண்டு. பணம் இடிக்கிறது என்றால் அதே ஊரில் ரோகன் அண்ட் கோ என்ற அவர்களுடைய இன்னோர் உணவகம் இருக்கிறது. அதே பண்ணைக் காய்கள், விலை குறைவு, நேரமும் குறைவு. பல மணி நேரம் உட்கார்ந்து சின்னச் சின்னத் தட்டுகளாகச் சாப்பிடும் டேஸ்டிங் மெனு எல்லோருக்கும் ஒத்துவராது. சிலருக்கு அது வாழ்நாள் அனுபவம், சிலருக்குப் பாதியிலேயே களைப்பு. நீங்கள் எந்த வகை என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. இரவு ஒன்பது மணிக்குள் படுக்கும் வழக்கமிருந்தால் மதிய வேளையில் மேசை கேளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யார்க் பக்கம் போவதாக இருந்தால் ஓல்ட்ஸ்டெட்டில் டாமி பேங்ஸ் குடும்பத்தாரின் பிளாக் ஸ்வான் இருக்கிறது. சொந்த நிலத்தில் விளைந்ததை ஊறவைத்தும் புளிக்கவைத்தும் குளிர்காலத்துக்குச் சேமிக்கும் முறையில் தேர்ந்தவர்கள். ஊறுகாய் போட்டு வளர்ந்த நமக்கு அது எளிதில் பிடிபடும். ஸ்காட்லாந்து போனால் ஆர்ப்ரோத் ஊரில், ஹேடக் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டி விறகுப் புகையில் சுட்டு 'ஆர்ப்ரோத் ஸ்மோக்கி' என்ற பெயரில் விற்பதை வாங்கிச் சூடாக அங்கேயே நின்று சாப்பிடுங்கள். 2004 முதல் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை அந்த ஊரைச் சுற்றிய சில மைல்களுக்கு மட்டுமே உண்டு. ஸ்கை தீவும் கார்ன்வாலும் அருமை, ஆனால் மூன்று வாரத்தில் குடும்பத்தோடு இருக்க வருகிறவர் அங்கெல்லாம் ஓடத் தேவையில்லை.

சைவத்தில் மறைந்திருக்கும் சில விஷயங்களை, உறுதியாகத் தெரிந்தவை என்பதால், அழுத்திச் சொல்கிறேன். இவை உங்களுக்கும் பொருந்தும். வட இங்கிலாந்தில், குறிப்பாக யார்க்ஷயரில், மீனும் சிப்ஸும் விற்கும் கடைகள் பல மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன. உருளைக்கிழங்கும் அதே சட்டியில்தான். ஞாயிற்றுக்கிழமை பப்பில் கிடைக்கும் ரோஸ்ட் உருளையும் மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வெந்திருக்கலாம். பழங்காலப் புடிங்குகளில் மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றிய கெட்டிக் கொழுப்பைத் துருவிப் போடுவார்கள். ஜெல்லியிலும் சில கிரீம் இனிப்புகளிலும் ஜெலட்டின் இருக்கும். பண்ணைப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளால். வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி மாதிரியான மீன் உண்டு. ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைப் பற்றி உணவகங்கள் கட்டாயம் தகவல் தர வேண்டும் என்று 2014 முதல் சட்டம் இருக்கிறது. மீனும் பாலும் முட்டையும் அதில் அடங்கும். மாட்டுக் கொழுப்பும் ஜெலட்டினும் கோழிச் சாறும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒவ்வாமை அட்டையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். "சைவம்" என்று மட்டும் சொல்லாமல், "இறைச்சி, மீன், அவற்றின் சாறு, கொழுப்பு, ஜெலட்டின் கூடாது, பால் ஆகும், இனிப்பில் முட்டை ஆகும்" என்று முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லுங்கள். நல்ல உணவகங்கள் முன்கூட்டிச் சொன்னால் மகிழ்ச்சியாகவே செய்துகொடுக்கும். வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால், சமையலறையில் எவ்வளவு நல்ல மனம் இருந்தாலும் அரைகுறையாகத்தான் முடியும். பல நாள் தயாரிப்பில் உருவாகும் சாறுகளை அரை மணி நேரத்தில் மாற்ற முடியாது. டேஸ்டிங் மெனு மட்டும் தரும் சில இடங்கள் மெனுவை மாற்றவே மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்திருக்கும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அவர்களுடைய எழுத்துப் பதிலை வாங்கிவிடுங்கள். எந்த உணவகத்துக்கும் நான் இதில் உத்தரவாதம் தர முடியாது, ஏனென்றால் மெனுவோடு விதிகளும் மாறுகின்றன.

விலையிலும் அப்படித்தான். மூன்று நட்சத்திர உணவகங்களில் டேஸ்டிங் மெனு பொதுவாக ஓர் ஆளுக்கு 200 பவுண்டுக்கு மேல், ஒயின் தனி. ஸ்போர்ட்ஸ்மேன் அதைவிட வெகு குறைவு. பெரிய இடங்கள் முன்பதிவின்போதே முழுத்தொகையையோ முன்பணத்தையோ வாங்கிக்கொள்ளும். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் திரும்பி வராது. பில்லில் சேவைக் கட்டணம் என்று பெரும்பாலும் 12.5 சதவிகிதம் சேர்ந்திருக்கும். அது இருந்தால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டாம்; 2024 அக்டோபரிலிருந்து அந்தப் பணம் முழுதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. மேசைப் பொறுப்பில் நின்றவனுக்கு இது சின்ன விஷயமல்ல. மது அருந்தாதவர் என்றால் கூச்சப்படாமல் குழாய்த் தண்ணீர் கேளுங்கள். மது விற்கும் உரிமம் பெற்ற இடங்கள் அதை இலவசமாகத் தர வேண்டும். உடைக்குக் கோட்டும் டையும் அநேகமாக எங்கும் தேவையில்லை. உங்கள் மனைவி பட்டுப்புடவையில் வந்தால் யாருக்கும் மகிழ்ச்சியே, ஆனால் சீசால்டரில் கடல்காற்று பலமாக வீசும், பருத்தி வசதி.

கிராமத்து உணவகங்கள் திங்களும் செவ்வாயும் மூடியிருப்பது சகஜம். மதிய ஆர்டர் இரண்டு, இரண்டரை மணியோடு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்கள் அடிக்கடி ரத்தாகி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள்; திரும்புவதற்கான டாக்சியையும் காலையிலேயே சொல்லிவைக்காவிட்டால் கார்ட்மெல் போன்ற ஊரில் இரவில் ஒன்றும் கிடைக்காது. அதனால் புதன் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளைப் பார்த்து, முதலில் மேசை, பிறகு அறை, கடைசியாக ரயில் டிக்கெட் என்ற வரிசையில் செய்யுங்கள். மலிவான அட்வான்ஸ் டிக்கெட்டுகள் பொதுவாகப் பயணத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு முன் விற்பனைக்கு வரும்; லாங்க்ளூமில் மேசை அதற்கும் முன்பே நிரம்பத் தொடங்கிவிடும் என்பதால் மகனிடம் சொல்லி இந்த வாரமே தேதி பார்க்கச் சொல்லுங்கள்.